பூனை மல்லாந்து படுப்பது ஏன்?

வீட்டில் பூனை வளர்ப்போர் யாவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. பகலுணவு முடிந்து வீடு ஓய்ந்திருக்கும் வேளை. பூனை கூடத்தின் நடுவே வந்து நின்று நம் முகத்தை ஒரு முறை நோக்குகிறது. பின்பு தொப்பென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, முதுகு தரையிற் படுமாறு புரண்டு, முன்கால்களை மார்பின்மேல் மடக்கிக்கொண்டு, மென்மயிர் அடர்ந்த தன் வயிற்றை முழுதும் காட்டிக் கிடக்கிறது. அருகிலுள்ள குழந்தை என்ன செய்யும்? தடவிக் கொடுக்கும்படி பூனை தன்னை அழைப்பதாகவே எண்ணிக் கையை நீட்டும். கை வயிற்றிற் பட்டதோ இல்லையோ, பூனையின் முன்கால்கள் இரண்டும் அக்கையை இறுகப் பற்றுகின்றன, பற்கள் பதிகின்றன, பின்கால்கள் மாறி மாறி உதைத்துக் கீறுகின்றன. குழந்தை வீறிட்டு அழுகிறது. "தானே வயிற்றைக் காட்டிவிட்டு, தொட்டால் கடிக்கிறதே! இதைவிட நன்றிகெட்ட பிராணி உண்டா?" என்று பெரியவர்கள் சினம் கொள்கின்றனர்.

இந்தக் குற்றச்சாட்டு வாய்ச்சொல்லோடு நின்றுவிடுமாயின் அதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தவேண்டிய தேவை நமக்கு இல்லை. ஆனால், இவ்வாறு ஒரு முறை கடித்தது என்பதற்காகவே சாக்குப் பையில் இடப்பட்டு, தொலைவிலுள்ள மீன் சந்தையருகே விடப்படும் பூனைகள் உண்டு. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பிராணி அங்கே நாய்களுக்கும் வண்டிகளுக்கும் தப்பி எத்தனை நாள் பிழைக்கும் என்பதை அவிழ்த்துவிட்டவர் நின்று பார்ப்பதில்லை. மறுபுறம், குழந்தையின் கையிற் பட்ட கடியும் எளிய செய்தியன்று. அதனைப் பின்னர்க் கூறுவோம். தீர்ப்பு வழங்குமுன், பூனை என்ன சொல்லிற்று, நாம் என்ன கேட்டோம் என்று ஆராய்வதே முறை.

இவ்வுரையைக் கேட்கும் நேயர்களிற் பலர் தமிழகத்தை விட்டு வந்து டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் (இவற்றின் பின்னிரண்டையும் இன்று மும்பை, கொல்கத்தா என்கிறோம்) குடியேறியவர்கள். புதிய ஊருக்கு வந்த தொடக்கத்தில் அயலார் பேச்சு விளங்காமல், முகக்குறியையும் கையசைவையும் கொண்டே அவர் கருத்தை ஊகித்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. அந்த ஊகம் சில வேளை சரியாகும். சில வேளை சங்கடத்தில் கொண்டுபோய் விடும். பூனையோடு வாழ்வதும் அத்தகையதே. தமிழர் பூனை என்பதை மலையாளத்தார் பூச்ச என்பர். கன்னடத்தார் பெக்கு என்பர். மராட்டியர் மாஞ்சர் என்பர். இந்தி பேசுவோர் பில்லி என்பர். பெயர்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறதேயன்றி, அப்பிராணியின் உடல் பேசும் மொழி எங்கும் ஒன்றே. அதனை ஒரு முறை கற்றுக்கொண்டால் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும் பயன்படும்.

பூனை நம்பத்தகாதது என்னும் எண்ணம் நம் நாட்டில் பழமையானது. மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தைக் கண்டவர்கள், அதில் முன்கால்களை உயர்த்திப் பின்கால்களில் நின்று தவஞ்செய்யும் பூனையை மறந்திரார். எலிகள் அதன் அடியிற் கூடியிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் நகைச்சுவை அது. பொய்த்தவத்துக்குப் பூனையைக் காட்டுவது அன்றே வழக்காயிருந்தது. ஆயினும் வங்காளத்தில் வாழும் நேயர்கள் இதற்கு நேர்மாறானதையும் அறிவர். அங்கே மகப்பேற்றையும் மக்களையும் காக்கும் தெய்வமாக வணங்கப்பெறும் சஷ்டி தேவிக்கு ஊர்தி பூனையே. ஒரே பிராணி, ஓரிடத்தில் வஞ்சகத்தின் வடிவம். மற்றோரிடத்தில் குழந்தைகளின் காவல் தெய்வத்தைச் சுமக்கும் வாகனம். இரண்டுமே மனிதர் கொடுத்த வேடங்கள். பூனை இவ்விரண்டையும் அறியாது.

அது அறிந்தது தன் உடலை. பூனையின் மார்பை 13 இணை விலா எலும்புகள் கூடுபோற் சூழ்ந்து காக்கின்றன. அக்கூடு முடியும் இடத்திலிருந்து இடுப்பு வரையில், முன்புறத்தில் எலும்பு என்பதே இல்லை. மெல்லிய தோலும் தசையுமே வயிற்றுச் சுவர். அதனுள்ளே இரைப்பை, ஈரல், குடல் ஆகிய உயிர்நிலை உறுப்புகள் உள்ளன. பகைவனின் பல் ஓர் அங்குலம் ஆழ்ந்தால் முடிவு நெருங்கியது எனலாம். நாம் எலியைப் பிடிக்கும் பூனையையே கண்டு பழகியிருக்கிறோம். ஆகையால் அதனை வேட்டையாடும் பிராணி என்றே எண்ணுகிறோம். மூன்று நான்கு கிலோ எடையுள்ள அச்சிற்றுயிரை நாயும் நரியும் வேட்டையாடும் என்பதை மறந்துவிடுகிறோம். வேட்டையாடுவதும் வேட்டையாடப்படுவதுமாகிய இருநிலையும் பூனைக்கு உண்டு. அதன் குணங்களிற் பலவும் இந்த இரட்டை வாழ்விலிருந்தே தோன்றியவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை எனப்படும் இனம். அது கூட்டமாக வாழ்வதன்று. தனித்தே திரிந்து தனித்தே இரை தேடுவது. சைப்பிரஸ் தீவில் மனிதர் ஒருவரோடு பூனை ஒன்றும் அடுத்தடுத்துப் புதைக்கப்பெற்ற, ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையான புதைகுழி ஒன்று கண்டறியப்பட்ட செய்தி 2004-இல் வெளியாயிற்று. மனிதனோடு அதற்குள்ள உறவு அவ்வளவு நீண்டது. ஆயினும் அதன் உள்ளியல்பு காட்டில் இருந்தவாறே பெரிதும் உள்ளது. நாயின் செய்தி வேறு. ஓநாயின் வழிவந்த நாய்க்குக் கூட்ட வாழ்வும் தலைமைக்குப் பணிதலும் உண்டு. நாய் மல்லாந்து வயிற்றைக் காட்டினால் அது பெரும்பாலும் பணிவு, அல்லது தடவிக் கொடுக்கும்படி விடுக்கும் வேண்டுகோள். நாயிடம் கற்ற பொருளையே நாம் பூனையின் செயலுக்கும் கொண்டுவிடுகிறோம். பெரும்பாலான கடிகள் இந்த மொழிபெயர்ப்புப் பிழையின் விளைவுகளே.

அச்சம் நேர்ந்தவிடத்துப் பூனை முதலில் செய்வது ஓட்டம். ஓட வழியில்லையேல் ஒளிதல். ஒளியவும் இடமின்றி மூலையில் அகப்பட்டால் முதுகை வில்லாக வளைத்து, மயிரைச் சிலிர்த்து, வாலைத் தூக்கி, பக்கவாட்டில் நிற்கிறது. சிறிய உடல் இருமடங்கு பெரிதாகத் தோன்றுகிறது. டார்வின் 1872-இல் வெளியிட்ட உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய நூலில் இந்நிலையை விரிவாக வருணித்துள்ளார். காதுகள் தலையோடு ஒட்டப் படிகின்றன. சண்டையில் கிழிபடாமற் காக்கவே இவ்வாறு படிகின்றன. விழிப்பாவை விரிகிறது. சீறல் எழுகிறது. இவையாவும் "போய்விடு" என்னும் ஒரே சொல்லின் பல உருவங்கள். சண்டையைத் தவிர்க்கவே பூனை இவ்வளவு பாடுபடுகிறது என்பது கருதத்தக்கது. தனித்து வாழும் பிராணி காயம்பட்டால் அதற்கு இரை தேடித் தர யாருமில்லை.

பகைவன் அப்போதும் விலகவில்லையெனில், கடைசியாக ஒன்று செய்கிறது, புரண்டு மல்லாந்துவிடுகிறது. பார்ப்பவர் இதனைத் தோல்வி என்றே எண்ணுவர். உண்மையோ வேறு. நான்கு கால்களிற் நிற்கும்வரை பூனைக்குப் படையாக அமைவன வாயும், மிகுந்தால் ஒரு முன்காலும் மட்டுமே. முதுகைத் தரைக்குக் கொடுத்துவிட்டாலோ நான்கு கால்களும் விடுபடுகின்றன. முன்காலுக்கு ஐந்தும் பின்காலுக்கு நான்குமாக 18 நகங்கள். வாயில் 30 பற்கள். அத்தனையும் ஒரே வேளையில் போருக்கு ஆயத்தம். முதுகுப்புறம் தாக்குண்ணும் அச்சமும் இல்லை. முன்கால்களால் பகைவனைத் தழுவிப் பற்றி, பல்லாற் கவ்வி, பின்கால்களால் அவன் வயிற்றைக் கிழிக்கும் முறை இது. பூனைகளின் நடத்தையை நீண்ட காலம் ஆராய்ந்த செருமானிய அறிஞர் பவுல் லைகாவுசன் இந்நிலையைத் தற்காப்பின் உச்சமாகவே கொண்டார். இரண்டு கடுவன்கள் நள்ளிரவில் மதிலருகே போரிடும்போது கீழே கிடப்பது தோற்றதென்று முடிவு செய்பவர் ஏமாந்துபோவார்.

நகங்கள் அமைந்த விதமும் வியப்புக்குரியது. பூனை அமைதியாயிருக்கும்போது அவை உள்ளிழுக்கப்பட்டே இருக்கின்றன. மீள்தன்மையுள்ள நார்கள் அவற்றைப் பிடித்திருத்தலால், அவ்வாறு வைத்திருக்கப் பூனைக்கு முயற்சி வேண்டுவதில்லை. வெளியே நீட்டத்தான் தசை இயங்க வேண்டும். நம் மடியிலிருக்கும் பூனையின் பாதம் பஞ்சுபோலிருப்பதும், அடுத்த கணம் முள்ளாவதும் இதனாலேயே.

இனி, உடலினுள்ளே நிகழ்வதைப் பார்ப்போம். எக்ஸ் கதிர்கள் 1895-இல் கண்டறியப்பட்டன. அதையடுத்த சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வால்ட்டர் கேனன் என்னும் இளைஞர், பிஸ்மத் உப்புக் கலந்த உணவைப் பூனைகளுக்கு ஊட்டி, இரைப்பையின் அசைவுகளை அக்கதிர்களால் நோக்கிக்கொண்டிருந்தார். செரிமானத்தை ஆராய்வதே அவர் நோக்கம். பூனை அமைதியாக இருக்கையில் இரைப்பையில் அலையலையாக அசைவு செல்வதைக் கண்டார். பூனை சினந்தோ அஞ்சியோ திமிறினால் அவ்வசைவு சட்டென நின்றுவிட்டது. அது அமைதியுற்றபின் அசைவு மீண்டும் தொடங்கிற்று. இடையூறாக வந்த இந்நிகழ்ச்சியே பின்னர் அவருடைய பெரிய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. அச்சத்தின்போது சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்திற் கலக்கின்றன, செரிமானம் நிறுத்தப்பட்டு, குருதி தசைகளுக்கு விரைகிறது, நெஞ்சு விரைந்து துடிக்கிறது, மயிர் சிலிர்க்கிறது, போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. 1915-இல் வெளிவந்த கேனனின் நூல் இதனை உலகறியச் செய்தது. மனிதர்க்கு அச்சத்தால் வயிறு கலங்குவதை விளக்கும் அறிவும் பூனையின் வயிற்றிலிருந்தே பிறந்தது எனலாம்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் வால்ட்டர் ஹெஸ் என்பார் இன்னும் ஆழமாகச் சென்றார். பூனையின் மூளையடியில் ஹைப்போத்தலாமஸ் எனப்படும் பகுதியின் குறிப்பிட்ட இடத்தை நுண்ணிய மின்னோட்டத்தால் தூண்டியபோது, எதிரே யாதொரு பகையுமின்றியே பூனை ஒரு நாயை எதிர்கொண்டதுபோற் சீறிற்று, மயிர் சிலிர்த்தது, அருகிலிருப்பவரைத் தாக்க முனைந்தது. மின்னோட்டம் நின்றதும் அமைதியாயிற்று. ஹெஸ்ஸுக்கு 1949-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இத்தகைய சோதனைகளுக்கு ஆளான பூனைகளை நினைக்கும்போது நமக்கு மனம் வருந்தாமலில்லை. எனினும் அவை அளித்த சான்று பூனைக் குலத்துக்கே சாதகமானது. தற்காப்பு என்பது பூனை எண்ணித் திட்டமிட்டுச் செய்யும் வஞ்சகமன்று. மூளையில் முன்னமே எழுதப்பட்டு, உரிய தூண்டுதல் வந்ததும் தானே இயங்குவது. வயிற்றின்மேல் திடீரென ஒரு கை விழுவது அத்தகைய தூண்டுதல்களுள் ஒன்று.

அங்ஙனமாயின் கூடத்தில் அமைதியாகப் படுத்து வயிற்றைக் காட்டும் பூனை நம்மைப் பகைவரென்று கருதுகிறதா? இல்லை. அங்கே மல்லாத்தலின் பொருளே வேறு. மல்லாந்து கிடக்கும் பூனைக்கு எழுந்தோட ஒரு கணம் கூடுதலாக வேண்டும். தன் உடலின் மிக மெல்லிய இடமும் திறந்து கிடக்கிறது. அந்த ஒரு கணத்தை அது நம்மெதிரே இழக்க இசைகிறது என்றால், இவ்வீட்டில் தனக்குத் தீங்கில்லை என்று நம்புகிறது என்பதே பொருள். ஆனால் நம்பிக்கை வேறு, அழைப்பு வேறு. நெடுந்தூர ரயிலில் எதிர் இருக்கைக்காரர் தம் பெட்டியைப் பூட்டாமல் கண்ணயர்கிறார். அவர் நம்மை நம்புகிறார், உண்மை. அதற்காக நாம் எழுந்து அப்பெட்டியைத் திறந்து பார்க்கலாமா? விழித்தவுடன் அவர் நம் கையைப் பற்றினால் அவரைத் துரோகி என்போமா?

மல்லாத்தலுக்கு வேறு காரணங்களும் உண்டு. சினைப்பருவத்துப் பெட்டை தரையிற் புரளும். இளைய கடுவன்கள் முதிர்ந்த கடுவன்களின் முன்னே புரள்வதுண்டு என்றும், அது பணிவைக் காட்டுவதாகலாம் என்றும் 1994-இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. கோடையில் வெப்பம் தணியவும் பூனை இவ்வாறு கிடக்கும். குட்டிகள் விளையாட்டிற் புரண்டு புரண்டே பிற்காலப் போருக்குப் பயிற்சி பெறுகின்றன. இவற்றோடு, நம் நாட்டார் நன்கறிந்த ஒரு காரணமும் உண்டு. குப்பைமேனி என்னும் சிறு செடிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் நம் சித்த மருத்துவர் வழங்கினர். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை தேடி வந்து முகர்ந்து, அதன்மேற் புரண்டு மயங்கும். வங்காளத்தில் இச்செடியை முக்தஜூரி என்பர். நாட்டின் பல பகுதிகளில், குடியிருப்புச் சுவரோரத்திலும் மழைக்காலத்தில் தானே முளைத்துக் கிடக்கும். ஐயமுள்ளோர் சோதித்துப் பார்க்கலாம். மேலைநாட்டார் பூனைப் புதினா ஒன்றை வியந்து போற்றுகின்றனர். நம் முன்னோர் செடிக்கு வைத்த பெயரிலேயே அந்த அறிவு அடங்கியிருக்கிறது.

வைணவ நேயர்களுக்கு மார்ஜார நியாயம் என்பது புதிதன்று. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியையோ தாயே பிடரியிற் கவ்விச் செல்கிறது. இறைவன் அருளுக்கு உயிர் முயல வேண்டுமா, வேண்டாவா என்ற வாதத்தில் தென்கலையார் பூனைக்குட்டியையே காட்டினர். தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி துவண்டு, அசைவற்றுத் தொங்குகிறது. அப்போதும் அதன் வாலையும் பின்கால்களையும் கவனியுங்கள். அவை மேல்நோக்கிச் சுருண்டு வயிற்றை மறைத்திருக்கும். முழுச் சரணாகதியிலும் வயிற்றுக்கு ஒரு காவல்! இதைக் கண்டு, வளர்ந்த பூனையையும் பிடரியைப் பிடித்துத் தூக்குவோர் உளர். அது தகாது. அதன் எடை தோலை இழுத்து நோவு தரும், அச்சமும் மிகும். மார்புக்கும் பின்புறத்துக்கும் கை கொடுத்தே தூக்க வேண்டும்.

எனவே, மல்லாந்த பூனை எந்த நிலையில் இருக்கிறது என்பதை வயிற்றைப் பார்த்து அறிய இயலாது. முகத்தையும் வாலையும் பார்க்க வேண்டும். கண்கள் பாதி மூடி, காதுகள் இயல்பாக நின்று, உடல் துவண்டு கிடந்தால் அமைதி. விழிப்பாவை விரிந்து, காதுகள் பக்கவாட்டிற் சாய்ந்து, வால்நுனி தரையில் அடித்துக்கொண்டிருந்தால் கையை நீட்டாதிருப்பது நலம். மகிழ்ச்சியில் வாலாட்டுவது நாய். பூனையின் வால் தரையில் அடிப்பது பெரும்பாலும் பொறுமை குறைவதன் அறிகுறி. அமைதியான பூனைக்கும் வயிற்றை விடக் கன்னமும் மோவாயும் காதடியுமே தடவ உகந்த இடங்கள். மணச் சுரப்பிகள் அங்கே உள்ளன. நம் காலில் பூனை கன்னத்தைத் தேய்ப்பது தன் மணத்தை நம்மீது பதிக்கவே. வயிற்றைத் தடவினால் பொறுத்துக்கொள்ளும் பூனைகளும் இல்லாமலில்லை. அது அந்தந்தப் பூனையின் சலுகை, இனத்தின் பொதுவிதியன்று. பூனையோடு பேச விரும்புவோர்க்கு வேறொரு வழி உண்டு. அதனை உறுத்து நோக்காமல், இமைகளை மெல்லத் தாழ்த்தி மெல்லத் திறந்தால், பூனைகளும் அவ்வாறே இமைத்து விடைதருவதும், அங்ஙனம் இமைக்கும் அயலாரை நெருங்கி வர இசைவதும் 2020-இல் இங்கிலாந்து அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வில் தெரிய வந்தன.

கை ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்டால்? இழுப்பதே நம் இயல்பு, அதுவே தவறு. தப்பியோடும் இரையும் அவ்வாறே இழுக்கும். பிடி இறுகும், கீறலும் நீளும். கையை அசைக்காமல் தளர்த்தி வைத்தால் பெரும்பாலும் பூனை தானே விட்டுவிடும். அடிப்பதால் பயனில்லை, அடித்தது எதற்கென்று அதற்கு விளங்காது, கை என்றாலே அச்சம் என்பது மட்டும் மனத்திற் பதியும்.

கடியைப் பின்னர்க் கூறுவோம் என்றோம். பூனையின் கோரைப்பல் ஊசி போன்றது. வெளியே சிறு துளை, உள்ளே ஆழம். துளை விரைவில் மூடிக்கொள்ள, உட்புகுந்த கிருமிகள் பெருகி, ஒரே நாளிற் கை வீங்கிவிடக்கூடும். இதனினும் கொடியது வெறிநோய். அந்நோய் நம் நாட்டிற் பெரும்பாலும் நாயால் வருவதாயினும், பூனைக் கடியாலும் கீறலாலும் வரக்கூடும். நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆகையால் காயத்தை உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். அன்றே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். மஞ்சளோ மிளகாய்ப் பொடியோ காப்பித் தூளோ அப்புதல் கூடாது. வீட்டுப் பூனைதானே என்ற எண்ணத்தால் காலங்கடத்துதலும் கூடாது. பூனைக்கு ஆண்டுதோறும், அல்லது கால்நடை மருத்துவர் குறிப்பிடும் காலத்தில், வெறிநோய்த் தடுப்பூசி போடுவது அதற்கும் நமக்கும் காப்பு.

உத்தியோக மாற்றல் காரணமாக ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. கட்டில், பீரோ, அண்டா, அம்மிக்கல் யாவும் லாரியில் ஏறிய பின்பு, காலி வீட்டு வாயிலிற் பூனை மட்டும் அமர்ந்திருப்பதைக் குடியிருப்புகளிற் காண்கிறோம். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்து வாதாடியதன் பின்னரே, 1960-இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் உருவாயிற்று. தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பசியாலும் தாகத்தாலும் துன்புறுமாறு கைவிடுதல் அச்சட்டப்படி குற்றம். ரயிலில் பூனையைக் கொண்டுசெல்ல விதிகள் உண்டு. பயண நாளுக்கு முன்பே நிலையத்தில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

புதிய வீட்டை அடைந்ததும் பூனை கட்டிலடியிற் புகுந்து இரண்டு மூன்று நாள் வெளிவராதிருக்கலாம். கையைவிட்டு இழுக்கலாகாது, மூலையில் அகப்பட்ட பூனை என்ன செய்யும் என்று மேலே கண்டோம். ஓர் அறையிலேயே உணவும் நீரும் மணல் தட்டும் வைத்து, பழைய வீட்டிற் படுத்த கோணியையோ துணியையோ துவைக்காமல் அருகே போட்டுவிட வேண்டும். பழகிய மணம் அதற்குத் துணை. முதலில் இரவில் வரும். பிறகு பகலில் அறைவாயில் வரை வரும். சில வாரம் கழித்து ஒரு நாள் கூடத்தின் நடுவே வந்து புரளும். அப்போது வயிற்றைத் தொடாமல், மோவாயின் கீழ் ஒரு விரலால் மெல்லச் சொறிந்து கொடுங்கள்.